வாணம் வேடிக்கையா?

சொற்கள் சில வேளைகளில் நாம் அறியாமலே நம் கண்ணைக் கட்டிவிடுகின்றன. வாணவேடிக்கை என்னும் சொல் அத்தகையது. நாம் குடியேறி வாழும் இந்நாட்டின் மொழியில் அதற்கு வெடிக்கெட்டு என்றும் கம்பக்கெட்டு என்றும் பெயர். கட்டுதல் என்னும் தொழில் அச்சொற்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கட்டியவன் ஒருவன் உண்டு என்பதை மலையாளம் மறைக்கவில்லை. தமிழராகிய நாமோ அதே பொருளுக்கு வேடிக்கை என்று பெயரிட்டோம். வேடிக்கை பார்ப்பவன் மட்டுமே அச்சொல்லில் தெரிகிறான்; செய்தவன் தெரியவில்லை.

தீபாவளி இரவில் நம் வீட்டுக் கொல்லையில் எரியும் பூச்சட்டியும் தரைச்சக்கரமும் கம்பி மத்தாப்பும் கலைப்பொருள்கள் என்பதும், அவற்றைக் கண்ணூன்றிப் பார்த்து ஒளிப்படமாக்குவது கலைச்செயல் என்பதும் நம் துணிபு. இதனை மறுப்போர் நம்மவரிடையே பலர் உளர். அவர்தம் மறுப்பால் நமக்கு நேரும் இழப்பு சிறிது. அப்பொருள்களைச் செய்தவர்களுக்கு நேரும் இழப்பே பெரிது. அதனால்தான் இதனை எழுதப் புகுந்தோம்.

திரும்பி வந்த படம்

எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் இந்நகரத்துப் பண்பாட்டு அமைப்பு ஒன்று ஒளிப்படக் கண்காட்சிக்குப் படங்களை வரவேற்றது. அதன் பெயர் ஈண்டு வேண்டா. கரமனையில் நாம் குடியிருக்கும் வாடகை வீட்டின் பின்புறத்தே, கிணற்றடியில் எரிந்த ஒரு பூச்சட்டியின் படத்தை அனுப்பினோம். பத்து நாளில் அது திரும்பி வந்தது. உடன் வந்த துண்டுத்தாளில், குடும்ப விழா நினைவுப் படங்களை ஏற்பதற்கில்லை என்றும், கலைத்தன்மை உடையவற்றையே அனுப்புக என்றும் எழுதப்பட்டிருந்தது.

படம் தேறாது போயிற்று என்பதில் நமக்கு வருத்தம் இல்லை. பிறர் குறிப்பெழுத நம் கோப்பு திரும்பி வருவது நமக்குப் பழகிய செய்தி. ஆயினும் கண்காட்சியைக் காணச் சென்றபோது ஒன்று உறுத்திற்று. அங்கே திருச்சூர்ப் பூரத்து வெடிக்கெட்டின் படம் ஒன்று நடுச்சுவரில் தொங்கியது. நல்ல படந்தான், நாமும் நின்று பார்த்தோம். ஆனால் வானத்தில் நூறடி உயரத்தில் விரியும் பொறி கலையாகவும், கொல்லையில் ஐந்தடி உயரத்தில் விரியும் பொறி குடும்ப நினைவாகவும் ஆவது எந்த அளவுகோலால்? உயரத்தாலா, செலவாலா, பார்க்க வந்தவர் தொகையாலா? அன்று கேளாத இக்கேள்வியை இன்று இம்மலர் வாயிலாகக் கேட்கிறோம்.

ஒளி வரையும் கோடு

அப்படம் எடுக்கப்பட்ட வகையைச் சொன்னால் நம் கருத்து விளங்கும். ஐப்பசியில் இந்நகரத்தில் துலாவர்ஷம். பிற்பகலில் இடிமுழக்கத்துடன் கொட்டிய மழை மாலையில் ஓய்ந்திருந்தது. துவைகல் நனைந்து கறுத்திருந்தது. தென்னை ஓலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. துவைகல்லுக்கு அருகே பூச்சட்டியை வைத்து, நான்கு மீட்டர் தள்ளி முக்காலியில் கருவியை நிறுத்தினோம். எரியத் தொடங்கிய பின் குவியம் தேடினால் கிட்டாது. ஆகவே கைவிளக்கின் ஒளியைச் சட்டியின்மேல் பாய்ச்சி முன்கூட்டியே குவியத்தை அமைத்துக்கொண்டோம். உணர்திறன் 100, ஒளித்துளை எஃப் 11, திறந்திருக்கும் நேரம் 2 விநாடி. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்.

பற்றவைத்ததும் கண் காண்பது பொறிகளின் கொந்தளிப்பு. கண்ணுக்குப் பொறி ஒரு புள்ளி. தோன்றிய கணத்தில் மறைகிறது. கருவியோ அப்புள்ளி சென்ற வழி முழுவதையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. எறிந்த கல் எவ்வாறு வளைந்து எழுந்து வளைந்து விழுமோ அவ்வாறே ஒவ்வொரு பொறியும் ஒரு வளைகோட்டை வரைகிறது. ஆயிரம் வளைகோடுகள் ஒரே அடியினின்று எழுந்து நாற்புறமும் சாய்கின்றன. அந்த ஒளி கீழிருந்து எழுந்து, பகலில் என்றும் நிழலாகவே கிடக்கும் தென்னை ஓலையின் அடிப்புறத்தைப் பொன்னாக்குகிறது. பதினோராண்டு வாழ்ந்த வீட்டின் கொல்லையை நாம் அன்றுதான் கண்டோம் என்று சொன்னால் அது மிகையன்று.

அக்கோடுகளை நாம் வரையவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. கருவி வரைந்ததா? அதுவும் இல்லை. வெடியுப்பும் கந்தகமும் கரியும் எந்த அளவிற் சேர வேண்டும், உலோகத்தூள் எந்தச் சல்லடையில் சலிக்கப்பட வேண்டும் என்று முன்பே ஒருவர் முடிவு செய்திருக்கிறார். தூள் நுண்ணியதாயின் பொறி சட்டியின் வாயருகே தீர்ந்துவிடும். பருமனாயின் உயரச் சென்று நெடுநேரம் நிற்கும். கரிப்பொறி செம்பொன் நிறம். அலுமினியப் பொறி வெள்ளி நிறம். இரும்புத் துருவலின் பொறியோ பறக்கும்போதே கிளைவிட்டுப் பிரியும். அதில் அடங்கியுள்ள கரிமம் அதற்குக் காரணம். கம்பி மத்தாப்பின் நுனியில் நாம் காணும் சிறு நட்சத்திரக் கிளைகள் இவ்வாறு பிறந்தவையே. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குச் செம்பு. இவற்றுள் நீலமே அரியது. வெப்பம் மிகுந்தால் அந்நிறம் அழிந்துவிடும். குறைந்தால் சுடர் மங்கிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய எல்லையில் கலவையை நிறுத்துவது கைத்திறன். ஓவியன் வண்ணம் குழைப்பதை வியக்கும் நாம், இதனை மட்டும் வேடிக்கை என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம்.

மறுப்புகளுக்கு மறுமொழி

கணப்பொழுதில் அழிவது கலையாகாது என்பர் ஒரு சாரார். இதனைச் சொல்பவர் வீட்டு வாயிலிலேயே காலைக் கோலம் நண்பகலுக்குள் மிதிபட்டுப் போகிறது. அதனைக் கலையன்று என்று தம் மனைவியிடமோ தாயிடமோ அவர் சொல்வாரா? இந்நாட்டுக் கோயில்களில் களமெழுத்து என்று ஒன்றுண்டு. ஐந்து நிறப் பொடிகளால் தேவியின் உருவைத் தரையில் மணிக்கணக்காக எழுதி, வழிபாட்டின் இறுதியில் அதனைத் தாமே அழித்துவிடுகின்றனர். அழித்தலும் அக்கலையின் ஒரு பகுதி. கேரளத்தில் வாழ்ந்துகொண்டே, அழிவது கலையாகாது என்பவர் தாம் வாழும் இடத்தையும் பார்க்கவில்லை, தம் வீட்டு வாசலையும் பார்க்கவில்லை.

கடையில் காசு கொடுத்து வாங்கியதில் கலை ஏது என்பர் வேறு சிலர். இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத கிளிமானூரில் பிறந்தவர் இரவிவர்மர். அவர் 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் ஓவியங்களை எளியோர் வீட்டுச் சுவருக்கும் எட்டச் செய்தார். கடைத்தெருவில் விற்கும் படம் என்று அவற்றை இகழ்ந்த கலை அறிஞர்கள் இருந்தனர். இன்று அவ்வச்சுப் படங்களைத் தேடிச் சேர்த்துப் போற்றுகின்றனர். விலை குறைந்தது என்பதனால் ஒன்று கலைத்தகுதியை இழப்பதில்லை.

வாணம் ஓவியத்துக்குரிய பொருளன்று என்பாரும் உளர். 18ஆம் நூற்றாண்டு முகலாயச் சிற்றோவியங்களில் மாடத்து முற்றத்தில் நின்று மத்தாப்புக் கொளுத்தும் மகளிரைக் காணலாம். அவை கோயில் திருவிழா அல்ல. வீட்டு முற்றத்து ஒளியே. மத்தாப்பு என்னும் சொல்லே நிலவொளியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழி வந்தது. இலண்டனில் விசிலர் என்னும் ஓவியர், பூங்கா ஒன்றில் இரவில் வாணம் விழுந்து உதிர்வதைத் தீட்டினார். 1877இல் அதனைக் கண்ட ரஸ்கின், வண்ணக் கலயத்தை மக்கள் முகத்தில் வீசியெறிந்ததற்கு ஒப்பாகும் என்று கடுமையாக இகழ்ந்தார். விசிலர் மறு ஆண்டு வழக்காடி வென்றார். இழப்பீடாகக் கிடைத்ததோ ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவும் சேர்ந்து அவரைக் கடனாளியாக்கிற்று. அந்த ஓவியம் இன்று அமெரிக்காவில் டெட்ராயிட் நகரக் கலைக்கூடத்தில் போற்றிப் பாதுகாக்கப்படுகிறது. ரஸ்கின் சிறியவர் அல்லர். கலைத்திறனாய்வில் அவர் காலத்துப் பேரறிஞர். அத்தகையவரையே வாணத்தின் ஒளி தடுமாறச் செய்ததெனின், நமக்குத் துண்டுத்தாள் அனுப்பியவர்மேல் நாம் சினங்கொள்வதற்கில்லை.

இஃது இரவற் பழக்கம், தமிழர்க்கு உரியதன்று என்று மொழிப்பற்றால் பேசுவோரும் உண்டு. அவர்கட்கு நெல்லைச் சீமையின் மாவலியை நினைவூட்டுகிறோம். ஆண் பனையின் பூவை உலர்த்தி, குழியிலிட்டு மூட்டம் போட்டுக் கரியாக்கி, பொடித்துத் துணியிற் சுருட்டி, பிளந்த பனைமட்டைகளுக்கிடையே வைத்துக் கட்டி, நெருப்பிட்டுக் கயிற்றால் சுழற்றுவர். திருக்கார்த்திகை இரவில் நம் தந்தையார் அதனைச் சுழற்ற, தலைக்குமேல் பொன்வட்டம் ஒன்று உருவாகி நிற்கும். அவ்வட்டத்தைப் படமெடுக்க அன்று எம்மிடம் கருவி இல்லை. பொறியால் கோடு வரையும் கலை நமக்குப் புதிதன்று. சிவகாசிக்கும் முன்னரே பனங்காட்டில் அது இருந்தது. இங்கே பிறந்த நம் குழந்தைகள் கம்பி மத்தாப்பைக் கம்பித்திரி என்றும் பூச்சட்டியை மேசப்பூ என்றும் அழைக்கின்றனர். மாவலி என்னும் சொல்லை அவர்கள் அறியார். இந்நாட்டார்க்கு மாவேலி ஓணத்தில் வரும் மன்னன்; பனங்கரியின் வட்டத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் நாமே.

புகையும் உயிரும்

மேற்கண்ட மறுப்புகள் எளியவை. வலிய மறுப்பு ஒன்று உண்டு. அதனைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. புகையும் ஓசையும் தீக்காயமும் உயிரிழப்பும் தரும் ஒன்றைக் கலை என்று பாராட்டுவது தகுமா என்பது அது. நம் அலுவலக நண்பர் ஒருவர் இதனைக் கேட்டார். அவர் கொல்லம் மாவட்டத்தவர். 2016 ஏப்ரல் 10ஆம் நாள் விடியுமுன் பரவூர்ப் புற்றிங்கல் கோயிலில் கம்பக்கெட்டு வெடித்துச் சிதறி நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை அருகிருந்து அறிந்தவர். அவர் முன் நாம் உடனே மறுமொழி கூறவில்லை. எண்ணிப் பார்த்துச் சொல்வதே இங்கு எழுதுவது.

முதலாவது, ஓசைக்காக நாம் வாதாடவில்லை. வெடியைப் படமெடுக்க இயலாது. காகிதம் கிழிந்து பறப்பது தவிர அதில் காண ஒன்றுமில்லை. நாம் போற்றுவது ஓசையற்ற ஒளியை. இரண்டாவது, படமெடுப்பவன் குறைவாகவே எரிக்கிறான். ஒரு பூச்சட்டி அணைந்த பின் அதன் புகை கலையும்வரை அடுத்ததைக் கொளுத்தினால் படம் முழுதும் வெண்படலமாகிவிடும். ஈரம் மிகுந்த ஐப்பசிக் காற்றில் புகை எளிதில் அகலாது; பத்து நிமிடம் காத்திருக்க நேரும். தெருவில் அரைமணியில் ஐயாயிரம் ரூபாய் கரிந்து போகும் வேளையில், நம் கொல்லையில் ஒரு மாலை முழுதும் ஆறு பூச்சட்டிகள் எரிந்தன. ஆறையும் நினைவிற் சொல்ல வல்லோம். 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று இரவு எட்டு முதல் பத்து வரை இரண்டு மணி நேரத்தையே வரையறுத்தது. பேரியம் உப்புகளையும் சரவெடியையும் விலக்கியது. இவ்விரண்டு மணி நேரம் போதாது என்று முறையிடுவோர் உளர். பார்க்கத் தெரிந்தவனுக்கு அது மிகுதி.

மூன்றாவதே நம் வாதத்தின் உயிர். இக்கலையைச் செய்வோர் நம் நாட்டவர். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். அதனைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத்தொழிலும் அவ்வூரில் வேரூன்றின. மழை குறைந்த வறண்ட நிலம். உழவு பொய்த்த இடத்தில் உலர்ந்த காற்றே மூலதனமாயிற்று. இன்று நாட்டின் பட்டாசில் மிகப் பெரும்பகுதி அவ்வூரையும் சுற்றியுள்ள சிற்றூர்களையும் சார்ந்தது. மருந்துக் கலவை அறையிலும், மருந்து செலுத்தும் அறையிலும், திரி வெட்டும் இடத்திலும், குழாய் சுருட்டும் வீடுகளிலும் ஆண்களும் பெண்களும் உழைக்கின்றனர். ஒரு காலத்தில் சிறார் கைகளும் அங்கே கருத்தன. 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அபாயத் தொழில்களில் அமர்த்தப்பட்ட குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளிகள் நல நிதிக்குச் செலுத்த வேண்டுமென்று ஆணையிடும் அளவுக்கு அந்நிலை இருந்தது.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்தது. ஏறத்தாழ நாற்பது உயிர்கள் போயின. அதன் பின்னரும் விருதுநகர் மாவட்டத்தில் அத்தகைய செய்திகள் நின்றபாடில்லை. அவற்றை நாம் எவ்வாறு படிக்கிறோம் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வோம். பட்டாசு ஆலையில் வெடிவிபத்து, இத்தனை பேர் பலி என்னும் தலைப்பைக் கண்டு ஐயோ பாவம் என்று சொல்லி அடுத்த பக்கம் புரட்டுகிறோம். ஒரு சிற்பியோ வீணை செய்பவரோ தம் பட்டறையில் எரிந்து மாண்டால் அவர் பெயரையும் கைத்திறனையும் எழுதாமல் நாளிதழ் விடுமா? பட்டாசுத் தொழிலாளி மட்டும் எண்ணாகிப் போவது ஏன்? அவர் செய்தது வேடிக்கைப் பொருள் என்று நாம் முன்பே தீர்ப்பளித்துவிட்டதனால்தான். வேடிக்கைக்குச் செய்தவன் பெயர் வேண்டுவதில்லை, கலைக்கு வேண்டும். நீலச்சுடரை நிறுத்தக் கற்ற கை எது என்று கேட்கத் தொடங்கினால், அக்கைக்குக் கூலி எவ்வளவு, அந்த அறையில் எத்தனை பேர் இருந்தனர், உரிய எண்ணிக்கைக்கு மேல் ஏன் இருந்தனர் என்ற கேள்விகளும் தாமே பின்தொடரும்.

ஆகவே நம் நண்பருக்கு நாம் கூறும் மறுமொழி இது. உயிர்கள் போகின்றன என்பதனால் இதனைக் கலை என்று சொல்லத் தயங்குகிறீர்கள். கலை என்று சொல்லாததும் அவ்வுயிர்கள் மலிவாய்ப் போனதற்கு ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம். தடை செய்துவிடலாம் என்பது நகரத்தில் மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு எளிய சொல். கூலியை நம்பி வாழும் முதலிப்பட்டிக்கு அச்சொல் வேறு பொருள் தரும்.

செய்யத்தக்கன

வாதம் செய்துவிட்டு வாளாவிருப்பது சங்கத்தாருக்கு அழகன்று. நம் சங்கம் ஆண்டுதோறும் தீபாவளியை ஒட்டி உறுப்பினர் இல்லங்களில் எடுத்த ஒளிப்படங்களைக் காட்சிக்கு வைக்கலாம். இன்று கைப்பேசி இல்லாத வீடு இல்லை. அதனைச் செங்கல்மேல் சாய்த்து வைத்தாலும் முக்காலிக்கு ஈடாகும். ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவர் பெயரோடு பொருளின் பெயரும் செய்த ஊரின் பெயரும் இடம்பெற வேண்டும். இரண்டாவதாக, ஆண்டுவிழா மேடைக்குச் சொற்பொழிவாளரை அழைக்கும் நாம், ஓராண்டேனும் மருந்துக் கலவையில் முதிர்ந்த தொழிலாளி ஒருவரைச் சிவகாசியிலிருந்து அழைத்து, பொன்னாடை போர்த்தி, அவர் தொழிலை அவர் வாயாலேயே கேட்க வேண்டும். ஒரு பகல் பயணத் தொலைவே. மூன்றாவதாக, உரிமம் பெற்ற கடையிலன்றி மலிவாகக் கிடைக்கிறது என்று வேறெங்கும் வாங்குவதை உறுப்பினர் விலக்க வேண்டும். மலிவின் விலையை யாரோ ஓர் அறையில் செலுத்துகின்றனர்.

அஞ்சலில் திரும்பி வந்த படம் இப்பொழுது நம் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. அதன் கீழ் இவ்வாறு எழுதி ஒட்டியுள்ளோம்: "பூச்சட்டி. செய்த ஊர் சிவகாசி. செய்தவர் பெயர் தெரியவில்லை." வருவோர் பலர் இக்கடைசி வரியைப் படித்துவிட்டு, இதற்கெல்லாம் பெயர் தெரியுமா என்று நகைக்கின்றனர். நாம் நகைப்பதில்லை. அவ்வரியை அடித்துவிட்டு ஒரு பெயரை எழுதும் நாளுக்காகக் காத்திருக்கிறோம்.